பழம் பறந்த பிறகு தோலில் என்ன மிச்சம்? வடசென்னைக்கு ஏற்ற ஃப்ரூட்டி சென்ட் எது?

ஃப்ரூட்டி சென்ட் வாங்கப் போனால் கடையில் ஒரு பேப்பர் துண்டில் அடித்துக் கையில் கொடுப்பார்கள். மோந்து பார்த்தால் ஆப்பிள், ஆரஞ்சு, அன்னாசி என்று பழம் பளிச்சென்று வரும். பிடித்துப்போய் அங்கேயே பில் போட்டுவிடுகிறோம். ஆனால் அந்தப் பழம் தோலில் நிற்பது பல சென்ட்டுகளில் கால் மணி நேரம், மிஞ்சிப்போனால் அரை மணி. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை நம்மோடு இருப்பது பழத்துக்கு அடியில் போட்டிருக்கும் வேறு சரக்கு. எந்தப் பழம் என்று பார்ப்பதைவிட, பழம் போனதும் எது மிஞ்சுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதுதான் நம் ஊர் வெயிலுக்குச் சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுத வைத்தது என் அக்கா பொண்ணு. திருவொற்றியூரில் வீடு, கிண்டியில் புதிதாக வேலை. காலையில் தேரடி ஸ்டேஷன் வரை வேர்க்க விறுவிறுக்க நடை, பிறகு மெட்ரோவில் ஏசி, அப்புறம் நாள் முழுக்க ஆபீஸ் ஏசி. "சித்தி, நல்ல ஃப்ரூட்டியா ஒண்ணு சொல்லு. சாயங்காலம் வரைக்கும் லேசா நிக்கணும், பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்குத் தலைவலி வரக்கூடாது, முதல் மாசச் சம்பளத்துல அடங்கணும்" என்றாள். மூன்றுமே நியாயமான நிபந்தனைகள். கீழே வரும் ஒப்பீடு எல்லாம் அந்த மூன்றை வைத்துத்தான்.

முதலில் தோலில் நடப்பது என்ன என்று பார்த்துவிடலாம். ஸ்ப்ரே பாட்டிலில் பெரும்பகுதி ஆல்கஹால். அடித்த சற்று நேரத்தில் அது ஆவியாகிவிடும். தோலில் தங்கிய வாசனைப் பொருட்கள் பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பும். லேசானது முந்தும், கனமானது பிந்தும். டாப் நோட், மிடில் நோட், பேஸ் நோட் என்று கடைக்காரர்கள் சொல்வது இந்த வரிசையைத்தான். அன்னாசி வாசனை தருகிற எத்தில் பியூட்டிரேட்டின் மூலக்கூறு எடை 116, கொதிநிலை 121 டிகிரி செல்சியஸ். ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீனுக்கு எடை 136, கொதிநிலை 176. பீச் வாசனை தரும் காமா அன்டெகலாக்டோன் எடை 184. கொதிக்க 300 டிகிரியை நெருங்க வேண்டும். சலவைத் துணி வாசனை போல அடியில் நிற்கும் காலக்சோலைடு என்ற மஸ்க்கின், அதாவது கஸ்தூரி சாயலில் செய்த வாசனைப் பொருளின், எடை 258. நம் தோல் 33 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது, எதுவும் கொதிக்கப் போவதில்லை. ஆனாலும் கொதிநிலை குறைந்தது சீக்கிரம் பறக்கும் என்ற கணக்கு இங்கேயும் பெரும்பாலும் பொருந்தும். கடை அலமாரியில் ஆரஞ்சும் பீச்சும் "ஃப்ரூட்டி" என்ற ஒரே வரிசையில் நிற்கும். தோலில் வந்ததும் ஒன்று ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் கிளம்பிவிடும், இன்னொன்று மதியம் வரை இருக்கும்.

இன்னொரு விஷயம். மாம்பழத்தையோ பீச்சையோ காய்ச்சி வடித்து வாசனை எண்ணெய் எடுக்க முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் தோலில் மட்டும்தான் பிழிந்து எடுக்கும் அளவுக்கு எண்ணெய் இருக்கிறது. மற்ற பழ வாசனையெல்லாம் ஆய்வகத்தில் செய்த பொருட்களைக் கலந்து கட்டியவை. "நேச்சுரல் மேங்கோ" என்று லேபிள் சொன்னால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்து வானிலை இந்த வரிசையை இன்னும் வேகமாக்கும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய பகுதி. ஈரக்காற்றுக்குக் குறைவே இல்லை. அக்னி நட்சத்திர நாட்களில் சூட்டில் டாப் நோட் தெறித்து ஓடிவிடும், பேஸ் நோட் சீக்கிரமே மேலே வந்துவிடும். குளிர் ஊரில் மெதுவாக விரிகிற சென்ட் இங்கே சீக்கிரமே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிடுகிறது. வெளிநாட்டு விமர்சனங்களில் படிக்கிற மணிக்கணக்கை அப்படியே நம்பக்கூடாது என்பது இதனால்தான். ஏசிக்குள் போனதும் மீதி வாசனை அமுங்கிப்போகும். நான்கு மணிக்கு டீக்கு வெளியே வந்தால் மறுபடி எழும்பும். ஒரே சென்ட் ஒரே நாளில் இப்படி ஏறி இறங்குவதால், அடியில் இருப்பது தலைவலி தராததாக இருந்தே ஆகவேண்டும்.

சரி, தேர்வுகளுக்கு வருவோம். முதலில் சிட்ரஸ் வகை: எலுமிச்சை, ஆரஞ்சு, அந்தக் குடும்பத்தையே சேர்ந்த பெர்கமாட். அடித்ததும் இதைப்போல மனசைக் குளிர்விப்பது வேறில்லை. குளித்துவிட்டு வந்த ஈரத்தோலில் அடித்தால் அந்த முதல் பத்து நிமிடம் சொர்க்கம்தான். ஆனால் அவ்வளவுதான். இவை பெரும்பாலும் ஓ டி டாய்லெட் என்ற லேசான வடிவில், அதாவது 5 முதல் 15 சதவீதம் வரை வாசனைச் சரக்கோடு வருபவை. எட்டரைக்கு அடித்தால் ஒன்பதரைக்குத் தோலில் மிஞ்சுவது மெல்லிய மஸ்க்கோ, கொஞ்சம் மரவாசனையோ. தலைவலி வராது, அந்த நிபந்தனையில் முழு மதிப்பெண். நிற்பதில்தான் தோற்கிறது. சின்ன பாட்டிலில் ஊற்றிப் பையில் வைத்துக்கொண்டு மதியம் மறுபடி அடிக்கத் தயார் என்பவர்களுக்கு இதுவே போதும்.

பெர்கமாட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெயில் இயல்பாக இருக்கும் பெர்காப்டென் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கருந்திட்டு விழும். பெரிய கம்பெனிகள் அதை நீக்கிய எண்ணெயைப் போடுகின்றன அல்லது அளவைக் கட்டுப்படுத்துகின்றன. பெயர் தெரியாத எண்ணெய்களில் அந்த உறுதி கிடையாது. வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சிட்ரஸ் வகையைக் கழுத்தில் அடிக்காமல் சட்டைக்குள் மறையும் இடத்தில் அடிப்பது நல்லது. காசிமேட்டில் மீன் வாங்கிச் சுத்தம் செய்த கையில் எலுமிச்சை சென்ட் அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மீன் வாடை டிரைமெத்தில் அமீன் என்ற காரப்பொருளால் வருவது. எலுமிச்சைச் சாற்றின் அமிலம் அதை அடக்கும். சென்ட்டில் இருப்பது தோலின் எண்ணெய் வாசனைதான், அமிலம் இல்லை. புளியோ எலுமிச்சையோ போட்டுக் கழுவிய பிறகு அடியுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வாடையும் சேர்ந்து நிற்கும்.

ஆப்பிள், பேரிக்காய் வகை அடுத்தது. 1999-இல் வந்த டியோர் கம்பெனியின் ஜடோரில் பேரிக்காய் உண்டு. 2004-இல் வந்த டிகேஎன்ஒய் பி டெலிஷியஸ் பச்சை ஆப்பிளுக்கே பேர்போனது. நறுக்கென்று கடித்த மாதிரியான அந்தத் தொடக்கத்தைத் தருவது ஹெக்சில் அசிடேட் போன்ற எஸ்டர்கள் என்ற பழ வாசனைப் பொருட்கள். அவை சிட்ரஸ் அளவுக்கே அவசரக்காரர்கள். பழம் போனதும் பூ வாசனையும் மஸ்க்கும்தான் கையில் நிற்கும். ஆகவே இந்த வகையை வாங்குவதென்றால் உங்களுக்குப் பூ வாசனை பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிளுக்காக வாங்கினால் ஏமாற்றம்தான்.

மூன்றாவது பீச், ஏப்ரிகாட் வகை. எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். இந்தப் பழ வாசனை லாக்டோன் என்ற குடும்பத்துப் பொருட்களால் வருவது. கனமானவை என்பதால் பழமே மிடில் நோட் வரை, சில சமயம் பேஸ் வரைக்கும் கூட வரும். பழமும் அடிச்சரக்கும் பிரியாமல் ஒன்றாகவே கரைவது இந்த வகையில் மட்டும்தான். பிரெஞ்சுக் கம்பெனி கெர்லான் 1919-இலேயே மிட்சூகோ என்ற சென்ட்டில் காமா அன்டெகலாக்டோனைப் போட்டு, பாசியும் மரமும் கலந்த கனமான அடித்தளத்தின் மேல் பீச்சை உட்கார வைத்தது. இன்றும் விற்கிறார்கள்.

மணிக்கட்டில் ஒரு பீச் சென்ட் எப்படி மாறுகிறது என்று ஒருநாள் வேறு எதுவும் போடாமல் கவனித்துப் பாருங்கள். முதலில் பழத்தின் சாறு, கூடவே கொஞ்சம் புளிப்பு. ஏறக்குறைய இருபது நிமிடத்தில் புளிப்பு கழன்று, பழத்தோலின் மெல்லிய ரோமம் போன்ற ஒரு மென்மை வரும். ஒரு மணி நேரம் கழித்து அதில் பால் வாசனை தட்டும். கடைசியில் பழமா தோலா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு இதமான இனிப்பு. மூக்கை மணிக்கட்டின் மேல் வைத்தால்தான் தெரியும். பக்கத்து சீட்டுக்குப் போகாது. ஆபீசுக்கு வேண்டியது இதுதானே.

நம் வீட்டுப் பழக்கத்தோடும் இது ஒத்துப்போகிறது. சென்ட் தொழிலில் தேங்காய் வாசனைக்குப் பயன்படுத்தும் காமா நோனாலாக்டோனும் பீச்சின் காமா அன்டெகலாக்டோனும் ஒரே குடும்பம்; கார்பன் எண்ணிக்கை மட்டும் 9, 11 என்று மாறுகிறது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த பெண் பீச் சென்ட் போட்டால் இரண்டும் மோதாது, பால் சேர்த்த பழம் போல இழையும். அதே எண்ணெய்த் தலையோடு பச்சை ஆப்பிளோ தர்பூசணி வகையோ போட்டுப் பாருங்கள், இரண்டும் தனித்தனியாக இழுத்துக்கொண்டு நிற்பது தெரியும்.

பெர்ரி, செர்ரி, பிளம் என்று அடர்ந்த பழ வகை நான்காவது. இதில் பழத்துக்கு அடியில் பெரும்பாலும் வெனிலா, பச்சூலி என்ற இலையின் எண்ணெய், பஞ்சுமிட்டாய் வாசனை தரும் எத்தில் மால்டால் ஆகியவை இருக்கும். 1992-இல் மியூக்ளேர் கொண்டுவந்த ஏஞ்சல் இந்த இனிப்புப் பாதையைத் திறந்துவிட்டது. மூன்று நிபந்தனைகளில் நிற்பதில் இதுதான் முதல் இடம். காலையில் அடித்தது இரவு நைட்டி மாற்றும்போதும் இருக்கும். ஆனால் மே மாதம் தண்டையார்பேட்டையில் கதவு மூடுவதற்குள் முண்டியடித்து ஏறும் கூட்டத்தில் இந்த இனிப்பு சூட்டில் எழும்பினால் நமக்கே தலை கிறுகிறுக்கும். மார்கழி, தை மாதத்து மாலைகளுக்கும் ஏசி கல்யாண மண்டபத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். அங்கே இன்னொரு லாபமும் உண்டு. குண்டுமல்லியின் வாசனையில் மெத்தில் ஆந்த்ரனிலேட் இருக்கிறது. கான்கார்ட் என்ற கருந்திராட்சையின் தனி வாசனைக்கும் அதே பொருள்தான் காரணம். திராட்சை, பெர்ரி வாசனையை மல்லிச் சரத்தோடு சேர்த்தால் பூ பழத்தைத் தூக்கிக்கொடுக்கும். பட்டுப்புடவை, மல்லி, கையில் ஒரே ஒரு ஸ்ப்ரே பெர்ரி. அதற்கு மேல் அடித்தால் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குச் சாப்பாடு இறங்காது.

மாம்பழம், அன்னாசி வகையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2005-இல் ஹெர்மஸ் வெளியிட்ட அன் ஜார்டின் சுர் லெ நீல் பச்சை மாங்காயின் வாசனையை மையமாக வைத்தது. கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் போடுமுன் வருகிற அந்தக் காம்புப் பால் வாசனை பிடித்தவர்களுக்கு அது பிடிக்கும். 2010-இல் வந்த கிரீட் அவென்டஸ் அன்னாசியில் தொடங்கிப் புகையடித்த மரவாசனையில் முடிகிறது. அதன் சாயலில் எத்தனையோ கம்பெனிகள் மலிவாகப் போட்டுவிட்டன. ஆண்களுக்குப் பரிந்துரைப்பதென்றால் இந்த வகையைத்தான் சொல்வேன், ஏனென்றால் பழம் போன பிறகு நிற்கிற மரமும் புகையும் வேர்வையோடு சண்டை போடாது.

மாம்பழத்தில் மட்டும் கவனம் வேண்டும். மாம்பழம், பாஷன் ஃப்ரூட், பிளாக்கரன்ட் எல்லாவற்றின் இயல்பான வாசனையிலும் கந்தகம் சேர்ந்த பொருட்கள் மிகச் சிறு அளவில் உண்டு. பழம் பழமாகத் தெரிவதே அவற்றால்தான். ஆனால் அளவு பிசகினாலோ, வேர்வை ஊறிய துணியில் பட்டாலோ அதே வாசனை பூனை மூத்திரம் போலத் திரும்பும். பிளாக்கரன்ட் சென்ட்டுகளில் இதை அடிக்கடி உணர்ந்திருக்கிறேன். நாள் முழுக்க வெளியில் அலைகிற வேலை என்றால் இந்த வகை வேண்டாம்.

பாடி மிஸ்ட் பற்றி ஒரு வரி போதும்: வாசனைச் சரக்கு மிகக் குறைவு, குளித்ததும் அடிக்கலாம், பழம் போனதும் எதுவுமே மிஞ்சாது.

அத்தர் தனிக் கதை. மண்ணடிப் பக்கம் அத்தர் கடைகளில் 3 மில்லி, 6 மில்லி, 12 மில்லி குப்பிகளில் மாம்பழம், ஸ்ட்ராபெரி, பீச் எல்லாம் கிடைக்கிறது. ஆல்கஹால் இல்லை, எண்ணெய்தான். உத்தரப் பிரதேசத்தில் உள்ள கன்னோசியில் பூவைச் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிச் சந்தன எண்ணெயில் இறக்குகிற பழைய முறை அத்தர் வேறு. பழ அத்தர் என்பது கலந்து செய்த வாசனையை எண்ணெயில் கரைத்தது. அதனால் தரக்குறைவு என்று நினைக்க வேண்டாம். ஆல்கஹால் இல்லாததால் முதல் தெறிப்பு கிடையாது. பழம் மெதுவாக, தாழ்வாகத் தொடங்கி, எண்ணெய் பிடித்து வைத்திருப்பதால் கூடுதல் நேரம் தோலோடு ஒட்டியிருக்கும். தூரம் போகாது. நான் போகும் கடையில் பாய் கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு இழுத்துவிட்டு, "இப்ப மோந்து பாக்காதீங்கம்மா. வீட்டுக்குப் போயி சோறாக்கிட்டுப் பாருங்க, பிடிச்சா நாளைக்கு வாங்க" என்பார். சென்ட் விற்பவர் வாயிலிருந்து இதைவிட நல்ல ஆலோசனை கேட்டதில்லை. வெள்ளைச் சட்டையில் மட்டும் பட்டுவிடக்கூடாது, எண்ணெய்க் கறை லேசில் போகாது.

பாரிமுனைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் நகல்களுக்கும் இதே பரிசோதனைதான். எஸ்டர்கள் விலை குறைந்த சரக்கு. டாப் நோட்டை அச்சு அசலாகச் செய்துவிடலாம். காசு போவது அடிச்சரக்குக்குத்தான், அங்கேதான் கை வைப்பார்கள். பேப்பரில் அசலும் நகலும் ஒன்றுபோலத் தெரியும். தோலில் இரண்டு மணி நேரம் கழித்து நகலில் வெறும் சோப்பு வாசனையோ ஸ்பிரிட் நெடியோ நின்றால் வேண்டாம். அப்போதும் நன்றாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

பரிசோதிக்கும்போது ஒரு கைக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்கவும் வேண்டாம். கடையில் மோந்து பார்க்கக் கொடுக்கும் காப்பிக்கொட்டையால் விசேஷ பலன் இல்லை. வெளியே வந்து காற்று வாங்கினாலே மூக்கு தெளியும். தொழிற்சாலைகள் இருக்கும் மணலிப் பக்கம் காற்றில் நெடி தூக்கலாக இருக்கும் நாளில் சென்ட் பார்க்கப் போகாதீர்கள், அன்று மூக்கு சொல்வது எதுவும் சரியாக இருக்காது. வறண்ட தோல்காரர்களிடம் சென்ட் சீக்கிரம் போய்விடும், எண்ணெய்ப் பசை உள்ள தோலில் தங்கும். ஆகவே தோழியின் கையில் மோந்து பார்த்து வாங்குவது பாதி வேலைதான். சில மஸ்க் வகைகளைச் சிலருடைய மூக்கு உணரவே உணராது. சென்ட் போய்விட்டது என்று அவர்கள் மேலும் மேலும் அடிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. மதியம் ஒருமுறை வீட்டிலோ ஆபீசிலோ உள்ள யாரிடமாவது "இன்னும் வாசனை இருக்கா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவையும் வைத்து என் அக்கா பொண்ணுக்குச் சொன்னது: பீச் வகை, ஓ டி பர்ஃபம் வடிவம், அதாவது 15 முதல் 20 சதவீதம் சரக்கு உள்ளது, அடியில் லேசான மஸ்க்கும் சந்தனமும் இருப்பது. வாசனைப் பட்டியலில் முதல் மூன்று பெயர்களுக்குள் வெனிலா இருந்தால் தவிர்க்கச் சொன்னேன். வீட்டில் வேர்வை அடங்கிய பிறகு முழங்கை மடிப்பில் ஒன்று, துப்பட்டாவின் உள்பக்கம் ஒன்று. துணிக்கு உடம்புச் சூடு குறைவு, அதனால் பழம் அங்கே இன்னும் நேரம் நிற்கும். தோலில் மாறிப்போனதும் துப்பட்டாவில் முதல் வாசனையின் மிச்சம் இருக்கும். "அப்ப ஆரஞ்சு வேண்டாமா சித்தி? எனக்கு அதான் உசிரு" என்று முகம் சுருங்கினாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? குளித்ததும் போட ஒரு மலிவான ஆரஞ்சு பாடி மிஸ்ட், அதன் மேல் பீச். ஆரஞ்சு ஸ்டேஷன் வரை வரும், பீச் கிண்டி வரை போகும். இரண்டும் சேர்ந்தும் அவள் ஒதுக்கிய பணத்துக்குள் அடங்கியது.

பாட்டில் 30 மில்லி போதும். 100 மில்லி கணக்குப் பார்த்தால் மலிவுதான், ஆனால் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் நம் அறைகளின் சூட்டில் பாதி தீர்வதற்குள் மேல் வாசனை கெடத் தொடங்கிவிடும். சூடும் வெளிச்சமும் காற்றும் முதலில் தின்பது லிமோனீன் போன்ற பழப் பொருட்களைத்தான்; அப்படிக் கெட்டுப்போன லிமோனீன் சிலருக்குத் தோல் அரிப்பையும் தரும். கண்ணாடி மேஜை மேல் அழகுக்கு வைக்காமல், வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு பீரோவின் கீழ்த்தட்டில் துணிக்கு நடுவே வையுங்கள்.